சகோதரக் கப்பல்

ஒன்பதாம் நாள் பின்னேரம்
வெளிக்கடலில் நங்கூரம் போட்டது அது.
கப்பலின் பெயர் வேண்டாம்.
அனுப்பிய நாட்டின் பெயரும் வேண்டாம்,
தேசப்படத்தில் இப்போது தேடினாலும் கிடைக்காது.

துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கியும் அசையவில்லை.
கொட்டாஞ்சேனைக் கடைகள் கடன் கொப்பியை மூடிவிட்டன.
ஐந்துலாம்புச் சந்தியில் ஜெயிலானி நானா மட்டும்
கால் றாத்தல் பாணும் சம்பலும் நீட்டி,
"வேல தொடங்கினாப் பொறகு பாப்பம்."

நான் மருதானையில், சங்கத்து மாடியில்,
தமிழ்ப் பகுதி.
தமிழ்ப் பகுதி என்றால்
ஒரு மேசை, கால் ஆடும் ஒரு கதிரை,
ஸ்டென்சில் மை நகத்தில் ஏறிய நான்.

ரோனியோ மெஷின் அவர்கள் தந்தது.
கடதாசிக் கட்டுகளும்.
செயலாளர் குலரத்னவின் மூத்தவள்
அவர்களுடைய பனியில் டாக்டருக்குப் படிக்கிறாள்.
எனக்கும் ஒரு கம்பளிக் கோட்டு,
மாநாட்டுக்குப் போனபோது தோளில் போர்த்திவிட்டது.
கொழும்பு வேர்வையில் அதை என்ன செய்ய?
பூச்சியுருண்டை போட்டு டிரங்குப் பெட்டிக்குள்.
ஆகையால் யாரையும் என்னால்
வாய் நிறையத் திட்டமுடியாது.
கோட்டையில் இருந்த கம்பனிகள்
மாதாமாதம் லண்டனுக்கு லாபம் அனுப்பின;
பத்திரிகைகள் எங்களைத்தான் அந்நியக் கூலி என்றன.
அதுவும் உண்மை. இதுவும்.

இரவு இரண்டு மணிவரை கூட்டம்.
பிளேன்டீ கொண்டுபோனபோது கண்டேன்,
மூலைக் கதிரையில் தூதரகத்து மனிதர்.
எல்லாரிலும் தணிந்த குரல் அவருடையது.
வாடகை கொடுக்கிறவன் சத்தம்போடத் தேவையில்லை.

முடிவு ஆங்கிலத்தில் வந்தது, அரைப் பக்கம்.
போராட்டம் தொடரும்.
இந்தக் கப்பலுக்கு மட்டும் விலக்கு.
சிங்களத்தில் பொடிமெனிக்கே அடித்தாள், தமிழில் நான்.
நித்திரையோ கோபமோ பசியோ, எது முந்தியதோ,
மெழுகுத் தாளில்
க் விழவேண்டிய இடத்தில்
ங் விழுந்தது.

ஐந்நூறு பிரதி.
மத்தியகுழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்.
அவருக்கு அன்று காய்ச்சல்.

விடிய ஐந்தரைக்குத் துறைமுகக் கேற்றடியில்
செபமாலை விரல் வைத்து உரத்து வாசித்தார்:
"இந்தக் கப்பலுக்கு மட்டும் விலங்கு."
கொஞ்ச நேரம் காகங்கள் மட்டும்.
பிறகு சிரிப்பு,
ஒன்பது நாளில் முதல் சிரிப்பு.
"சரிதானே, போட்டிருவம்" என்று
கேற்றை மறித்துக் குந்தினார்கள்.
சிங்களத் தாள் வாசித்தவர்கள்
சாக்கைத் தோளில் மடித்துப் போட்டு
உள்ளே நடந்தார்கள்.

யாருக்கு எது பாசை என்று
ஒன்பது நாளாக எவரும் எண்ணவில்லை.
பத்தாம் நாள் காலை எட்டு மணிக்கு
எண்ணத் தொடங்கினார்கள்.

ஜினசேன மட்டும் நடுவில் நின்றான்,
கைக்கொரு தாளாக.
"மொகத மே, செபமாலே?"
செபமாலை என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை.
ஜினசேனவும் வந்து குந்தினான்.
அவன் ஒருவன்தான்.

பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது.
சம்பளம் ஏறவில்லை.
சீனி இறங்கியது.

விசாரணையில் குலரத்ன கேட்டார்,
எந்த நாட்டுக்காரன் காசு தந்தான் என்று.
மற்ற நாட்டின் பெயரை
அவரே எடுத்தும் கொடுத்தார்.
எழுத்துப் பிழை, தோழர், என்றேன்.
நம்பவில்லை.
மருதானையில் ஒரு பெட்டை
யாரும் சொல்லிக் கொடுக்காமல்
தன் பாட்டில் ஒரு பிழை விடுவாள் என்பது
அவர் படித்த எதிலும் இல்லை.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். அகராதியையும்.
கோட்டை மட்டும் கேட்கவில்லை.
யாரிடம் திருப்பிக் கொடுப்பதென்று
அவர்களுக்கும் தெரியவில்லைபோல.