காலி எடை

தமிழ் இலக்கியம் படிக்கிறவளுக்குத்
திட்டவிலக்கம் எதற்கு என்று
முதல் தடவை விடைத்தாளிலேயே கேட்டு வைத்தேன்.
பதினேழு.
இரண்டாம் தடவை கேட்கவில்லை. முப்பத்தொன்று.
எந்தப் பட்டமானாலும் இந்த ஒரு தாள்
எல்லோரும் தேறியாக வேண்டுமாம்:
அளவறி திறன், பகுதி நான்கு, நூற்றுக்கு நாற்பது.

பகலில் கோயம்புத்தூர்க் கல்லூரி.
ஆறு மணிக்கு மேல் வேலந்தாவளம்,
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எடைமேடையில்
சீட்டு அடிக்கிறேன்.
எம்-சாண்ட் லாரிகள் தமிழில் வந்து
மலையாளத்தில் போகும்.
டிரைவர்கள் வசவை மட்டும் மாற்றுவதில்லை.

ஆடியில் கணவாய்க் காற்று
தார்ப்பாயைப் பிடித்துத் தூக்கும்.
சிவப்பு எண்கள் நடுங்கும்,
பத்து கூடும், பத்து குறையும்.
எண் நிற்கும்வரை காத்திருந்து
பொத்தானை அழுத்த வேண்டும்.
எனக்குத் தெரிந்த பொறுமை அவ்வளவுதான்.

பயிற்சி நோட்டில் கடைசிக் கேள்வி:
உங்கள் அன்றாடத்திலிருந்து ஒரு தரவுத் தொகுப்பு எடுத்துக்கொள்க.
எடுத்தேன். கம்பியில் குத்திய கார்பன் சீட்டுகள்.
சைனுதீனின் லாரி காலியாக ஏறிய இரவுகள்.

10,420
10,440
10,410
10,430

கூட்டி நான்கால் வகுத்தால் 10,425.
அந்த எடையில் லாரி ஒருநாளும் நின்றதில்லை.
இல்லாத ஒன்றை நடுவில் நிறுத்தி
இருப்பவை எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்ப்பது.
இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.
தலைவன் வராத பாட்டில்
எல்லோரும் அவனிடமிருந்துதானே அளக்கிறார்கள்.

விலக்கம் பதினொன்று சொச்சம்.
காற்றின் கணக்கு.

பிறகு பகல் சீட்டுகள்,
முதலாளி மகன் சஜீவன் உட்காரும் ஷிப்ட்.

10,250
10,260
10,240

அதே லாரி.
டீசல் குறைவோ என்று பார்த்தேன்,
மூன்று நாளும் ஒரே அளவாகவா குறையும்?
ஸ்டெப்னியைக் கழற்றினேன் மனதுக்குள்.
சைனுதீனையே இறக்கிவிட்டேன்,
மிஞ்சிப்போனால் எழுபது கிலோ இருப்பார், பாவம்.

காற்று இரண்டு பக்கமும் தள்ளும்.
இது ஒரு பக்கம் மட்டும்.
காலி எடை குறைந்தால் மணலின் எடை கூடும்.
நடைக்கு நூற்றெழுபத்தைந்து கிலோ,
இல்லாத மணலுக்கு
கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டும் யாரோ
எண்ணி எண்ணிக் காசு கொடுக்கிறார்.

மேசைக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி.
பெருக்கும்போதெல்லாம் காலில் இடிக்கும்.
ஏசி ரிமோட் என்று நினைத்திருந்தேன்.
அந்த அறையில் ஏசி கிடையாது.

நவம்பர். கேள்வி பதினான்கு, ஐந்து மதிப்பெண்:
தற்செயல் பிழைக்கும் ஒருசார்புப் பிழைக்கும்
வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
மூன்று பக்கம் எழுதினேன்.
ஊரை எழுதவில்லை. பெயர்களை எழுதவில்லை.
பயத்தில் லாரியைக்கூட
மாட்டுவண்டி என்று மாற்றினேன்.
பத்து டன் மாட்டுவண்டி.
திருத்தியவர் சிரித்திருப்பார்,
சிரித்துக்கொண்டே ஐந்தையும் போட்டிருப்பார்.

நாற்பத்தாறு. தேர்ச்சி.

சம்பளம் ஒன்பதாயிரம்.
ஐந்தாம் தேதி தவறியதே இல்லை.
அதில் விலக்கம் பூஜ்யம்.

இன்று கடைசி லாரி போன பிறகு
மேடையில் ஏறி நடுவில் நின்றேன்.
பத்துப் பத்தாக மட்டுமே எண்ணத் தெரிந்த மேடை
ஐம்பது என்றது.
பையில் ஏழு சீட்டுகள்.
அவற்றின் எடை இதற்குத் தெரியாது.

வசூல் எண்ண வந்த சஜீவன்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மேசைக்கடியில் குனிந்து எதையோ தேடுகிறான்,
செருப்பாக இருக்கலாம்.
எண்கள் நடுங்கின,
காற்றாக இருக்கலாம்.

நகரவில்லை நான்.
எண் நிற்கட்டும்.