ஃபீடர்

புதுவயலில் எங்கள் மில்லுக்குப் பின்னால்
உலர்களத்தில் நெல் கிடக்கிறது.
கடல் இங்கிருந்து தெரியாது.
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
கொழும்புக்குப் போகும் கப்பல்களின் அட்டவணை,
அதன்மேல் ஒரு டீக்கறை.

ஆயிரம் மூட்டை, மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ,
இட்லி அரிசி, டர்பனுக்கு.
சீல் நம்பரை இரண்டு தரம் வாசித்தேன்,
கடைசி எண் ஏழா ஒன்றா என்று
டிரைவர் சூசைராஜ் கேட்டதால்.

டர்பன் போகிற கப்பல் தூத்துக்குடிக்கு வராது.
வந்தால் வயிறு தரை தட்டும்.
அதனால் ஒரு சின்னக் கப்பல்,
ஷேர் ஆட்டோ மாதிரி,
கிடைத்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டு
ஒரு ராத்திரி ஓடி
கொழும்பில் இறக்கிவிட்டுத் திரும்பும்.
பெரியதற்குப் பெயர் தாய்க்கப்பல்.
சின்னதற்கு ஃபீடர், ஊட்டுவது.
வேலைக்குச் சேர்ந்த மாதம்
யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன்.
ஊட்ட வேண்டியது தாயல்லவா?
"கப்பல்ல அப்படித்தான் உமையா" என்றார் சாத்தப்பன்,
பில்லிலிருந்து தலையைத் தூக்காமல்.

செவ்வாய்க்கிழமை சாயல்குடி தாண்டி
டிரெய்லரின் பின்டயர் வெடித்தது.
ஆறு மணிக்கு கேட் மூடும்.
ஆறு ஐம்பதுக்குப் போய் நின்றார் சூசைராஜ்.
ஏஜென்டுக்கு ஏழு தடவை போன் போட்டேன்.
எட்டாவது தடவை அவனே எடுத்து
"ஏத்தியாச்சு மேடம், விடுங்க" என்றான்.
யாருக்காகவோ தாமதித்திருக்கிறது அந்தச் சின்னக் கப்பல்,
அல்லது கிரேன் பழுதா,
கேட்கவில்லை.

புதன் முழுக்க
கொழும்புக்கு வெளியே நங்கூரத்தில் நின்றது.
உள்ளே இடமில்லை.
போன் திரையில் அது ஒரு பச்சை அம்பு,
நகத்தளவுகூட இல்லை.
நாலு மணிக்குத் துறைமுகத்திலிருந்து
இன்னொரு அம்பு புறப்பட்டது, தெற்கே.
இரண்டும் நெருங்கி வந்தன.
திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்.
அப்புறம் விலகின.
ஆயிரம் மூட்டையும்
தன் கப்பல் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கும்.

அடுத்த தாய் ஒன்பது நாள் கழித்து.
டர்பனில் பெருமாள் என்பவருக்கு மெயில் எழுதினேன்.
அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது,
மூட்டையில் மட்டும் தமிழ் இருக்க வேண்டும்.
உடனே பதில் வந்தது:
பரவாயில்லை சிஸ்டர்,
தீபாவளிக்கு முன்னால் வந்தால் போதும்.

சிஸ்டத்தை அணைக்கும்போது ஏழே முக்கால்.
மெயின் ரோட்டில் அறந்தாங்கி பஸ்
கை காட்டியும் நிற்காமல்
ஜன்னல் விளக்குகளோடு கடந்து போனது.
மித்திராவயல் மினிபஸ் ஏழரைக்கே போயிருக்கணும்.
புளியமரத்தடியில் உறுமிக்கொண்டு நிற்கிறது,
உள்ளே மூன்று பேர்,
ஒரு கோழிக்கூடை, காலி கேஸ் சிலிண்டர்.
ஓடினேன்.

"உங்களுக்காக ஒண்ணும் நிக்கல" என்றான் கண்டக்டர்,
கையிலிருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டி.
"டீ சுடுது."
டம்ளரில் ஒன்றுமில்லை.