கழுத்தைச் சுற்றி

மூன்லைற்றுக்குப் பதினெட்டுக் கோப்பை.
பதினெட்டிலும் எழுத்து வெட்டியது நான்தான்,
அக்கரைப்பற்றுச் சந்தைக்குப் பின்னால்
இந்த ஒற்றைக் கதவுக் கடையில்.

சீபேர்ட்ஸுக்கு மூன்று.
அதிலொன்று நன்னடத்தைக்குக் கிடைத்தது.
மூடி தொலைந்துபோய்
இப்போது அதற்குள் விசிலும் கரம் காய்களும்.

மூன்லைற் அலுமாரிக்குப் பூட்டு,
சாவி அரிசி ஆலை முதலாளியிடம்.
முன்வரிசை மூவரும் கல்முனையிலிருந்து
வேனில் வந்து வேனில் போவார்கள்.
சீபேர்ட்ஸில் இடப்பக்கம் ஓடும் நிப்றாஸ்
விடிய மீன் இறக்கிவிட்டு வருகிறவன்.
பந்தைத் திருப்பும்போது
முழங்காலில் செதில் மினுங்கும்.

எது பெரிய கிளப்?
வருகிறவர்கள் எல்லாரும் என்னையே கேட்பார்கள்,
பெயர் வெட்டுகிறவனுக்கு
வெற்றி தெரியும் என்பதுபோல.
என் கொப்பியில் இருப்பது வேறு:
மூன்லைற், கைக்காசு.
சீபேர்ட்ஸ், அறுநூற்றைம்பது ரூபாய்,
போன நோன்புக்கு முந்திய கடன்.

இந்த வருட இறுதியாட்டம் மழையில் நின்றது.
ஒன்றுக்கு ஒன்று.
பெனால்டிப் புள்ளி தண்ணீருக்குள்.
இணைச் சம்பியன் என்றார்கள்,
ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே.

யார் பெயர் மேலே?
இரவு பத்துவரை கோப்பையோடு இருந்தேன்.
பிறகு அதன் கழுத்தைச் சுற்றி
இரண்டையும் ஒரே வட்டமாய் வெட்டினேன்.

காலையில் இரண்டு செயலாளர்களும் வந்தார்கள்.
ஆளுக்கொரு தரம் சுழற்றிப் பார்த்தார்கள்.
"வட்டம் எங்கே தொடங்குது, காக்கா?"

கொப்பியைத் திறந்து
கூலி யார் தருவது என்றேன்.

மூன்லைற் சட்டைப் பையைத் துழாவியது.
சீபேர்ட்ஸ் கோப்பையை
இன்னுமொரு தரம் சுழற்றியது.