மண்மூட்டைக்கு இடப்பக்கம்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு
ரொசாரியோவைக் கூப்பிடுவேன்.
ஒண்டிக்கடை பக்கம் மிளகாய் பஜ்ஜி போடுகிறவர்.
"மேகம் எறங்கி உக்காந்திருக்குங்க,
எதுத்தாப்புல ஏடிஎம் தெரியல" என்பார்.
சரி, அருவியில் தண்ணீர் உண்டு.
சரி, அப்போது ரோடு இல்லை.

லீ பஜாரில் ஒரு மஞ்சள் மண்டிக்குப்
பதினோரு வருஷமாய்க் கணக்கு எழுதுகிறேன்.
எந்தப் பேரேட்டிலும்
இப்படியொரு வரவு செலவு பார்த்ததில்லை.
பங்குனியில் இருபது கொண்டை ஊசி வளைவும்
வா வா என்று திறந்து கிடக்கும்;
கிளியூரில் பாறைமேல் ஓர் ஈரத் தழும்பு இருக்கும்,
அதையும் ஒரு குரங்கு நக்கிக்கொண்டிருக்கும்.
ஐப்பசியில் அருவி
அத்தனை வெள்ளையாய் விழும், பார்க்க ஆளிருக்காது.
அடிவாரத்தில் தடுப்புக் கம்பி,
கம்பிக்கு அடியில் ஒரு நாய்.

நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்:
மண் சரிந்த நாள், ஜேசிபி ஏறின நாள்,
டூவீலர் மட்டும் விட்ட நாள்,
குப்பனூர் வழியே திருப்பிவிட்ட நாள்.
அந்த வழி என்றால் இமயன் வாந்தி எடுப்பான்,
மூன்று பை, ஒரு துண்டு.
படி இறங்க இருபது நிமிஷம், தன்விகாவுக்குப் பத்து.
ஏற நாற்பது. இமயனைத் தூக்கினால் அறுபது.
நாத்தனார் பானுமதியின் முட்டிக்கு
மேலேயே ஒரு பெஞ்சு, நிழலோடு.
இரண்டு மணிக்குமேல் மேகம் வரும்,
அதற்குள் எல்லாரும் ரோட்டில் இருக்க வேண்டும்.
சேதுராஜுக்குச் சிரிப்பு.
"கல்யாணத்துக்குக்கூட நீ இவ்ளோ பாக்கல."
பார்த்திருக்கலாம்தான்.

ஐந்தாவது சனிக்கிழமை
ரொசாரியோ வேறு மாதிரி சொன்னார்:
"மழ நின்னு ரெண்டு நாளாச்சு.
ஒரு பக்கம் மட்டும் விடறாங்க."
ஒரு பக்கம் மட்டும்.
பாதி ரோடு என்றால் பாதி அருவி.
அதற்குமேல் இந்த மலை யாருக்கும் கொடுப்பதில்லை.

விடிவதற்குள் அஸ்தம்பட்டி தாண்டினோம்,
எதிரில் பால் வண்டி மட்டும்.
செக்போஸ்ட்டில் காவலர் குனிந்து
பின் சீட்டைப் பார்த்தார்:
தூங்கும் பையன், புளிச்சோற்று டப்பா,
முட்டியில் கட்டுப்போட்ட பானுமதி.
"நாலு மணிக்குள்ள எறங்கிடணும்."
"ரெண்டுக்கே எறங்கிடுவோம் சார்" என்றேன்.
முதல்முறையாக ஒருவர்
என் நோட்டைப் படித்தவர் போலத் தலையாட்டினார்.

பதினோராவது வளைவு தாண்டி
மண்மூட்டை அடுக்கியிருந்தது.
வலப்பக்கம் ரோடு இல்லை, வானம்தான்.
இடப்பக்கம் ஒரு கார் அகலம்.
சேதுராஜ் கண்ணாடியை மடக்கினார்.
பானுமதி சத்தமில்லாமல் சேர்வராயனைக் கூப்பிட்டாள்.
சரிந்த மண்ணின் வெட்டுமுகத்தில்
ஒரு காப்பிச் செடி, வேரெல்லாம் வெளியே,
பழத்தோடு, தலைகீழாய்.
வேர் வழியே சொட்டிக்கொண்டிருந்தது தண்ணீர்.
அருவிக்குப் போக வேண்டிய தண்ணீர்தான் அதுவும்,
வழி தவறி ரோட்டுக்கு வந்திருக்கிறது.

அருவியைப் பற்றி என்ன சொல்ல.
பாதிதான். போட்ட கணக்குப்படி.
இமயன் அதைப் பார்க்கவேயில்லை.
படியில் ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது;
அது விரியட்டும் என்று அரை மணி நேரம்
குத்துக்காலிட்டுக் காத்திருந்தான்.
அந்த அரை மணி என் நோட்டில் இல்லை.
தன்விகா சாரல் பட்டதும்
"இவ்ளோதானா" என்றாள்,
அப்புறம் கூப்பிடக் கூப்பிட வரவில்லை.

ஒண்டிக்கடையில் வண்டியை நிறுத்தினோம்.
குரலை வைத்து ரொசாரியோவுக்கு
ஐம்பது வயது என்று நினைத்திருந்தேன்.
மீசைகூட இன்னும் சரியாக வரவில்லை.
"நீங்கதானா அந்த ஒம்போது மணி மேடம்"
என்று சிரித்து, கூட ஒரு பஜ்ஜி வைத்தார்.
எதிரே ஏடிஎம் போர்டில்
முதல் எழுத்து மங்கத் தொடங்கியிருந்தது.
பேப்பரில் சுற்றித் தரச் சொன்னேன்.