வெர்னாவின் பண்ணைக்குப் போனது

செப்டம்பர் கடைசியில் ஒருமுறைதான் போவேன்.
வேனில் கத்திகள், கொக்கி, ஒரு துப்பாக்கி.
சஸ்காச்சுவான் சமவெளியில்
என்னை யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை.

வெர்னா ஹ்லாடுன் மின்வேலியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
தினம் ஒரு துண்டு நிலம். மேய்ந்த இடத்துக்கு
மாடுகள் திரும்ப ஐம்பது நாளாகும்.
"முன்பு இங்கே வெறும் கோதுமை.
காற்றடித்தால் மண் எழுந்து
பக்கத்து ஊருக்குக் குடிபோய்விடும்."
மண்வெட்டியால் ஒரு கட்டி பெயர்த்து
என் மூக்கருகே நீட்டினாள்.
மழை வாசம்.
மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

சாணியைப் புரட்டினால்
சந்தை கூடியதுபோல் வண்டுகள்.

சஸ்கட்டூனிலிருந்து யாரோ போனில்:
தொடைக்கறி மட்டும் கிடைக்குமா?
"மாடு தொடையாக மட்டும் வளரவில்லை."
வைத்துவிட்டாள்.
நாக்கு, ஈரல், வால், எலும்பு எல்லாம் சேர்த்து
பதினோரு வீட்டுக்கு ஒரு மாடு, ஒரு குளிர்காலம்.
வாரத்தில் ஒரு நாள் கறி,
மற்ற நாளெல்லாம் பருப்பு.
அதற்கு ஒப்புக்கொண்டால்தான் விற்பாள்.

எல்லாம் சரிதான்.
ஆனாலும் நாற்பத்தொன்றாம் எண்
மென்றபடியே என்னைப் பார்த்தது.
மண் பிழைத்துக்கொண்டது என்று
அதனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரே குண்டு.
புல்லிலிருந்து எழுந்த குருவிகள்
கொஞ்சம் தள்ளி, அதே புல்லில் அமர்ந்தன.

இந்த நாளில் வெர்னா கறி தொடமாட்டாள்.
உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை,
வெண்ணெயில் வதக்கிய வெங்காயம்.
இரண்டு தட்டு.
"உட்கார், ஒரெஸ்ட்" என்றாள்.

கையை இன்னொரு முறை கழுவிவிட்டு வந்தேன்.