அபிலீனுக்கு மேற்கே, ஐஸ் இறக்கும்போது

வியாழன்தோறும் நாற்பது மூட்டை.
பின்வாசல் வழியாகத்தான் விடுவார்கள்.
உள்ளே ஒரு பையன் மைக் சரிபார்க்கிறான்.
வியர்வையே அறியாத தொப்பி,
தொழிற்சாலையிலேயே முழங்கால் கிழித்த ஜீன்ஸ்.
ஜெயிலைப் பற்றிப் பாடுகிறான்.
அவனுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர்
ஆளில்லாத வயலின்களை வாசிக்கிறது.
சுவரில் விஸ்கி கம்பெனியின் விளம்பரம்:
'அடங்காதவர்களுக்கு.'

ராய்ஸ் டாக்கெட் பதினோரு மாதம்
நிஜமாகவே உள்ளே இருந்தான்,
அடுத்தவன் டிராக்டரை அடகு வைத்ததற்கு.
அதைப் பற்றி ஒரு வரி பாடியதில்லை.
அவன் பாடியதெல்லாம்
வெர்லீனின் பல் வைத்தியர் பில்,
ஒடெஸ்ஸா சாலையில் செத்துப்போன கார்பரேட்டர்,
மன்னிப்புக் கேட்கப் போய்
அவள் வீட்டு நாயை மட்டும் கொஞ்சிவிட்டுத் திரும்பிய இரவு.
நான் பேஸ் வாசித்தேன்.
தாளம் அவன் மூச்சில் இருந்தது.
அவன் குடித்திருந்தால் தாளமும் குடித்திருக்கும்.

எழுபத்தாறில் நாஷ்வில்லிலிருந்து ஒருவர் வந்தார்,
வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு.
குரலைக் கொஞ்சம் வழுவழுப்பாக்கலாம் என்றார்.
முடியை வெட்டலாம் என்றார்.
அப்போது எங்கள் பஸ் பஞ்சர்.
ஸ்டெப்னியை மாட்டி முடித்து
'இந்த ஜாக்கைக் கொஞ்சம் பிடியுங்கள்' என்றான் ராய்ஸ்.
பிடித்தார், பாவம்.
ஏறிப் புறப்பட்டுவிட்டோம்.
கண்ணாடிக்குள் அவர்
புழுதியில், கையில் எங்கள் ஜாக்கோடு
சின்னதாகிக்கொண்டே போனார்.
அடுத்த பஞ்சருக்கு ஜாக் இல்லை.
விடியும்வரை நடந்தோம்,
சிரித்துச் சிரித்து விலா வலிக்க.

யோக்கியன் என்று சொல்ல வரவில்லை.
எனக்கு இருநூறு டாலர் பாக்கி வைத்துவிட்டுத்தான் செத்தான்.
மகளின் பட்டமளிப்புக்கு
இரண்டு நாள் கழித்துப் போய் நின்றான், பூங்கொத்தோடு.
ஆனால் எவனோ எழுதிக்கொடுத்த பொய்யை
அவன் பாடியதில்லை.
எல்லாம் சொந்தப் பொய்.

இருபத்தேழாவது மூட்டையில் கரண்ட் போனது.
வயலின்கள் பாதி இழுப்பில் நின்றன.
இருட்டில் பையன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
பிறகு, நிறுத்தத் தெரியாமலோ என்னவோ,
வெறும் கிடாரோடு தொடர்ந்தான்.
வரிகள் ஓடும் திரையும் அணைந்திருந்தது.
ஜெயில் மறந்துபோய்
பிக்கப் வண்டியின் மாதத் தவணையைப் பாடினான்,
அப்பாவிடம் கேட்க வேண்டியிருப்பதை,
கேட்கப் பிடிக்காததை.
சுருதி விலகியது. குரல் உடைந்தது.
என் இடதுகை விரல்கள்
ஐஸ் மூட்டையின் மேல் தாமாக நகர்ந்தன.
நாலு வரி இருக்கும்.
பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்துவிட்டது.
வயலின்கள் முதலிலிருந்து ஆரம்பித்தன.
இன்னும் பதின்மூன்று மூட்டை.