மேற்படி

அந்த வைகாசியில் கோத்தகிரியில்
இறந்தவர்களுக்கெல்லாம் ஒரே காரணம் இருந்தது.
மேல்வரியில் உள்ளதே கீழேயும் என்பதால்
பேரேட்டின் ஒன்பதாம் கட்டத்தில்
மேற்படி என்று எழுதினேன்.
மேற்படி. மேற்படி.
கை வலிக்கவில்லை.

கட்டபெட்டு தாண்டி, தேயிலைச் சரிவு முடியும் இடத்தில்
இருபத்திரண்டு கட்டில் போட்ட ஓர் இல்லம்.
வாசலில் தகரம் அடித்து, பார்வையாளர் கூடாது என்று
அரசாணை எண்ணோடு ஒட்டியிருந்தார்கள்.
அங்கிருந்து ஒன்பது நாளில் மூன்று பேர்:
டொரீன் ரெபெல்லோ, பள்ளிக்கூடத்தில் பியானோ வாசித்தவர்.
ஏசுவடியான், அருவங்காடு கார்டைட் பாக்டரியில் இருந்தவர்.
செல்லாயி, கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர்,
வயது என்ற இடத்தில் 'சுமார்'.

மேட்டுப்பாளையத்தில் இருந்தபடி ஒரு மருத்துவர்
போனில் கேட்டு மூன்றுக்கும் சான்றிதழ் கொடுத்தார்.
குற்றம் சொல்லவில்லை. அந்த மாதம் எல்லாரும்
போனில்தான் கேட்டோம், போனில்தான் அழுதோம்.

வண்டி ஓட்டும் போஜன் சொன்னான்,
ரசீதை நீட்டியபடி, என்னைப் பார்க்காமல்:
"ஏசுவடியான் தடியான ஆளு மேடம்.
போன தீபாவளிக்கு இடுப்பு ஒடிஞ்சப்ப நாலு பேர் தூக்கினோம்.
இப்ப நானும் பரமேசும் மட்டும்.
அதுவும் அதிகம்."

ஒரு வாரக் காய்ச்சல்
ஒரு மனிதனில் எத்தனை கிலோ தின்னும்?
ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் ஷாஜிதாவைக் கேட்டேன்.
கவச உடைக்குள் வியர்த்து நின்றார்.
வெகுநேரம் கழித்து,
"போனவங்களை எரிச்சாச்சு.
இருக்கிறவங்க எடை யார்கிட்ட இருக்கு?" என்றார்.

யாரிடமும் இல்லை.
இந்த ஊரில் பச்சை இலைக்கு எடை உண்டு.
மழை நாளில் ஈரம் என்று நூற்றுக்குப் பத்து கழிப்பார்கள்,
அரைக் கிலோவுக்கு மண்டியில் சட்டையைப் பிடிப்போம்.
பிறந்த குழந்தைக்கு எடை. ரேஷன் அரிசிக்கு எடை.

மண்டித் தராசைத்தான் கேட்டு வாங்கினோம்.
செவிலியர் குமுதவல்லி, ஷாஜிதா, நான்,
தாசில்தார் கையெழுத்திட்ட ஒரு தாள்.
தகரத்தை நகர்த்தச் சொன்னபோது
இல்லத்துக்காரர் அதே அரசாணையைக் காட்டினார்.
முதியோரைக் காக்கப் போட்டது.
அவரைக் காத்துக்கொண்டிருந்தது.

மூடுபனி முற்றத்தில் பத்தொன்பது பேரை ஏற்றி இறக்கினோம்.
முப்பத்தொன்று. முப்பத்து நான்கு.
கம்பளியோடு சேர்த்து இருபத்தொன்பதரை.
கழிவு எதுவும் பிடிக்கவில்லை.
கடைசியில் ஒருவர், காது மந்தம்,
எத்தனை என்றார். சொன்னோம்.
"சத்தமா."
தராசில் நின்றபடியே
இல்லத்துக்காரர் பக்கம் திரும்பி,
"இன்னும் சத்தமா."

வழக்கு நடக்கிறது. என்ன ஆகும், தெரியாது.
இப்போது மாதம் ஒருமுறை எல்லா இல்லங்களுக்கும் தராசு போகிறது.
பையின் ஜிப் முகம் வரை திறக்கிறது,
வீட்டாரும் இல்லத்தாரும் அல்லாத ஒருவர் முன்.
பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.
ஒரு மகன் என் மேஜையைக் குத்தினான்:
"எங்கப்பனை நானா கொன்னேன்?"
கேர்பெட்டாவில் ஒரு சமையற்காரம்மா
சந்தேகப்படுறீங்களா என்று அழுதார்.
ஆமாம் என்பதுதான் பதில்.
அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மையில் எழுதியதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை.
அந்த மூன்று வரிக்கும் ஓரத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி, தனித்தனியாக.
பிறகு விரல் வைத்து மேலே போனேன்.
மேற்படி, மேற்படி, மேற்படி,
பக்கத்தின் தலையில்
கண்டக்டர் சந்திரமோகன், முப்பத்து நான்கு வயது.
அவருக்குத்தான் நோயின் பெயர் முழுதாக எழுதியிருந்தது.
மற்றவர்களெல்லாம்
அவருடையதில் செத்திருந்தார்கள்.